ஆஸ்பத்திரி கான்ட்ராக்ட்: ஓன் போர்டா, டி போர்டா, அட்டாச்மென்ட்டா?

போன மாதம் பக்கத்துத் தெருத் தம்பி ஒருவர் வந்தார். கோவையில் ஒரு ஆஸ்பத்திரியில் மாதக் கான்ட்ராக்டுக்கு வண்டி கேட்கிறார்களாம். காலையில் டயாலிசிஸ் பேஷண்ட்களை வீட்டிலிருந்து கூட்டி வந்து, முடிந்ததும் கொண்டுபோய் விட வேண்டும். ராத்திரி நர்ஸ்களுக்கு ஷிப்ட் டிராப். "வாடகை கட்டுபடியாகுமாங்கண்ணா?" என்று கேட்டார்.

"ஆர்சி யார் பேர்ல இருக்குதுங்க தம்பி?" என்றேன்.

"சம்சாரம் பேர்லங்கண்ணா."

ஆர்சி என்றால் வண்டியின் பதிவுச் சான்று. அங்கேயே பாதிக் கதை இருக்கிறது. ஆறு வருஷம் இதே வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்: இந்தக் கான்ட்ராக்டில் வாடகைப் பேச்சு அஞ்சு நிமிஷத்தில் முடிந்துவிடும். ஏதாவது ஒன்று ஆனால் யார் கட்டுவது என்பதுதான் நாள்கணக்கில் பேச வேண்டியது. அந்தக் கணக்கை வைத்துத்தான் மூன்று வழிகளையும் பார்க்கிறேன்.

முதலில் ஓன் போர்டு. வெள்ளை நம்பர் பிளேட் வண்டியை மாத வாடகைக்கு விடுவது. "நாங்க கேஷா குடுத்துடறோம், போர்டு எங்களுக்குப் பிரச்சினை இல்லை" என்று சொல்கிற நிர்வாகிகள் உண்டு. அவர்களுக்குப் பிரச்சினை இல்லைதான். பிரைவேட் கார் பாலிசியை எடுத்துப் பாருங்கள், வாடகைக்கோ கூலிக்கோ ஓட்டக் கூடாது என்று அதிலேயே அச்சடித்திருக்கும். வாடகை டிரிப்பில் வண்டி மோதினால், சேதத்தைப் பார்க்க வருகிற இன்சூரன்ஸ் சர்வேயர் கேட்கிற முதல் கேள்வி, உள்ளே இருந்தது யார் என்பதுதான். உறவுக்காரர் என்று பொய் சொன்னாலும் ஆஸ்பத்திரி டிரிப் ஷீட் காட்டிக் கொடுத்துவிடும். வண்டிச் சேதத்துக்கு ஒரு ரூபாய் வராது. எதிரே வந்தவருக்கான இழப்பீட்டை இன்சூரன்ஸ் கம்பெனியை முதலில் கட்டச் சொல்லிவிட்டு, பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளக் கோர்ட் அனுமதிக்கும். 2018-ல் பெர்மிட் இல்லாத லாரி வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இப்படித்தான் சொன்னது. பெர்மிட் இல்லாமல் ஓட்டுவதற்கான 10,000 ரூபாய் அபராதம் தனி.

இதில் மிச்சம் ஆவது எவ்வளவு? 1,000 சிசிக்கு மேல் 1,500 சிசிக்குள் இருக்கிற வண்டிக்கு, 2022-ல் அறிவித்த தேர்ட் பார்ட்டி (நம் வண்டியால் அடிபடும் மற்றவருக்கான காப்பீடு) பிரீமியம் பிரைவேட் என்றால் 3,416 ரூபாய். அதே வண்டி டாக்சி என்றால் 7,940, அதோடு ஒவ்வொரு பயணிக்கும் 978. நாலு பயணிக்குக் கூட்டினால் 11,852. வரி தனி. வித்தியாசம் வருஷத்துக்கு 8,436 ரூபாய், மாதம் எழுநூற்றுச் சொச்சம். டீச்செலவுதான். எஃப்சி (வண்டித் தகுதிச் சான்று), பெர்மிட், டாக்ஸ் எல்லாம் சேர்த்தால் தொகை கூடும், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் வீட்டை விற்கிற தொகை ஆகாது.

அந்த 978 ரூபாயை ஏன் கட்டுகிறோம் என்று நிறையப் பேருக்குத் தெரியாது. டாக்சியின் தேர்ட் பார்ட்டி பாலிசியிலேயே உள்ளே உட்கார்ந்திருக்கும் பயணிக்கும் பாதுகாப்பு உண்டு. பிரைவேட் காருக்கு வெறும் தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டிருந்தால், உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் கிடையாது. நம் வண்டியில் ஏறுகிறவர் ஏற்கெனவே சிறுநீரகம் போனவர். சின்ன அடி என்றாலும் அவருக்கு அது சின்னது இல்லை. ஆகவே ஓன் போர்டு பற்றி இதற்கு மேல் பேச எனக்கு விருப்பமில்லை.

அடுத்தது டி போர்டு, அதாவது மஞ்சள் நம்பர் பிளேட் டாக்சி, சொந்த வண்டி, ஆஸ்பத்திரியோடு நேரடிக் கான்ட்ராக்ட். நான் கடைசி மூன்று வருஷம் ஓட்டியது இப்படி. வாடகை முழுசாக நமக்கு வரும். பான் கார்டு கொடுத்திருந்தால் ஒரு சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே கழிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள், அதை ரிட்டர்ன் போட்டு வாங்கிக்கொள்ளலாம். தொல்லை எங்கே என்றால், வண்டி ஒரு நாள் ஒர்க்‌ஷாப்பில் நின்றால் மாற்று வண்டி நாம்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். டயாலிசிஸ் பேஷண்டுக்கு வாரம் மூன்று நாள், நாள் தவறக் கூடாது. அவசரத்துக்கு மச்சான் வண்டியை எடுத்துக்கொண்டு போகிறோமே, அதன் போர்டு என்ன கலர்?

லைசென்ஸ் விஷயத்தில் ஒரு நிம்மதி உண்டு. 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டி என்றால் எல்எம்வி (இலகு ரக வாகன) லைசென்ஸ் போதும், வாடகை வண்டி ஓட்டுவதற்கான பேட்ஜ் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக கிளெய்மை மறுக்க முடியாது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு முடிவாகச் சொல்லிவிட்டது. ஆனாலும் ஆஸ்பத்திரிகள் பேட்ஜ் கேட்கின்றன. கேட்டால் காட்டிவிடுவது நல்லது.

இப்போது அந்தத் தம்பியின் சம்சாரத்துக்கு வருகிறேன். உரிமையாளரே ஓட்டினால் 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு என்று பாலிசியில் ஒரு வரி இருக்கும். அது ஆர்சியில் பேர் இருந்து, லைசென்ஸும் இருந்து, ஓட்டுகிறவருக்குத்தான். ஆர்சி மனைவி பேரில், ஓட்டுவது கணவர் என்றால் அவர் உரிமையாளரும் இல்லை, சம்பள டிரைவர் என்று காட்டக் கணக்கும் இல்லை. நடுவில் நிற்கிறார். ஒன்று ஆர்சியை மாற்ற வேண்டும், இல்லையென்றால் தன் பேரில் தனியாக ஒரு விபத்துப் பாலிசி எடுக்க வேண்டும். டிரைவர் போட்டு ஓட்டுகிறவர்கள், சம்பள டிரைவருக்கான 50 ரூபாய் பாலிசியில் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்த 50 ரூபாயைச் சேர்க்காமல் விடுகிற ஏஜென்ட்டை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது அட்டாச்மென்ட், அதாவது நம் வண்டியை ஒரு டிராவல்ஸ் கம்பெனியில் அட்டாச் பண்ணுவது. கான்ட்ராக்ட் அவர்கள் பேரில், வண்டி நம்முடையது. மாற்று வண்டித் தலைவலி அவர்களோடது, பில் போடுவதும் அவர்கள்தான். பதிலுக்குக் கமிஷன் போகும், பணம் ஒன்றரை மாதம் கழித்து வரும். புதிதாக வருகிறவருக்கு மோசமில்லை. ஆனால் டிராவல்ஸ் பேர் பெரிசு, ஏதாவது ஆனால் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்து ஏமாறாதீர்கள். விபத்து வழக்கில் நோட்டீஸ் வருவது ஆர்சி உரிமையாளருக்கும் அவருடைய இன்சூரன்ஸ் கம்பெனிக்கும். அதுபோக, ஆஸ்பத்திரிக்கு டிராவல்ஸ் எழுதிக் கொடுத்த ஒப்பந்தத்தில் "எல்லா இழப்புக்கும் வாகனதாரரே பொறுப்பு" என்று ஒரு வரி இருக்கும். அந்தக் காகிதம் நம் கைக்கு வராது. கேட்டு வாங்கிப் படியுங்கள். தர மறுத்தால் வேறு டிராவல்ஸ் பாருங்கள்.

மூன்று வழியிலும் ஒரே மாதிரி இருக்கிற ஓட்டை ஒன்று உண்டு. அதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

நாலு மணி நேரம் மெஷினில் இருந்துவிட்டு வெளியே வருகிறவருக்கு பிரஷர் இறங்கியிருக்கும், கால் தள்ளாடும். ஊசி போட்ட கையில் கட்டு இருக்கும். ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ஆபரேஷன் செய்து இணைத்த ரத்தக்குழாய்) உள்ள அந்தக் கையைப் பிடித்துத் தூக்கவே கூடாது என்று ஒரு நர்ஸ் அக்கா சொல்லிக் கொடுத்தார். மற்றக் கையின் முழங்கைக்குக் கீழே தாங்க வேண்டும். ஒரு நாள் ஒரு பெரியவரை அப்படித் தாங்கி அவர் வீட்டுப் படியில் ஏற்றும்போது, இரண்டாவது படியில் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். இடுப்பில் அடி. வண்டி கேட்டுக்கு வெளியே நிற்கிறது. ஆஸ்பத்திரி, டிரைவர் பொறுப்பு என்றது. இன்சூரன்ஸில் விசாரித்தால், வண்டி ஓடியதால் நடந்த விபத்து இல்லை, பாலிசிக்குள் வராது என்றார்கள். பெரியவரின் மகன் நல்ல மனுஷர், போகட்டும் விடுங்க என்றார். அவர் விடாமல் இருந்திருந்தால் என் கையிலிருந்துதான் போயிருக்கும்.

அப்போதிருந்து கான்ட்ராக்டில் எங்கே என் பொறுப்பு தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று எழுதச் சொன்னேன். வண்டிக் கதவில் ஏறுவதில் இருந்து வண்டிக் கதவில் இறங்குவது வரை டிரைவர். படி ஏற்றுவது, வீல்சேரில் இருந்து மாற்றுவது அட்டெண்டர் வேலை. அட்டெண்டர் அனுப்ப மாட்டோம் என்றால், அதற்கான பொறுப்புக் காப்பீட்டை ஆஸ்பத்திரி எடுக்கட்டும்.

இன்னும் சில சில்லறை வேலைகள் நைசாகத் தலையில் விழும். "அப்படியே இந்தக் கவரையும் கொண்டுபோயிடுங்க" என்று ஆஸ்பத்திரிக் கழிவு மூட்டையைக் கொடுத்தால் வாங்காதீர்கள். 2016 விதிகளின்படி அதற்கு அனுமதி பெற்ற வண்டி வேண்டும். வழியில் பேஷண்டுக்கு மூச்சுத்திணறல் என்றால் கான்ட்ராக்ட் ஆஸ்பத்திரி தூரமாக இருக்கும்போது அங்கேதான் போக வேண்டும் என்று கட்டாயமில்லை, பக்கத்தில் இருப்பதற்குப் போங்கள் அல்லது நிறுத்தி 108-ஐக் கூப்பிடுங்கள். டாக்சி ஆம்புலன்ஸ் ஆகாது. ஹசார்டு லைட் போட்டுக்கொண்டு சிக்னல் தாண்டி மோதினால் தப்பு நம் மேல்தான். விபத்து நடந்துவிட்டால் அடிபட்டவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்வதும், 24 மணி நேரத்துக்குள் போலீஸில் சொல்வதும், இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் தருவதும் டிரைவரின் சட்டக் கடமை. இதற்கு ஓன் போர்டு, டி போர்டு வித்தியாசம் கிடையாது.

என் ஓட்டு நேரடிக் கான்ட்ராக்ட் டி போர்டுக்கு. முதல் வருஷம் மட்டும் அட்டாச்மென்ட்டில் பழகிவிட்டு மாறினால் இன்னும் சௌகரியம். தம்பியிடமும் அதையேதான் சொன்னேன். போன வாரம் அவர் ஆர்டிஓ ஆபீஸ் வாசலில் நின்று போன் பண்ணினார். ஆர்சி மாற்றுவதற்கு ஃபைனான்ஸ் கம்பெனியின் என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) கேட்கிறார்களாம், வண்டிக் கடன் டியூ இன்னும் இருபத்திரண்டு மாதம் பாக்கி. "அதுவரைக்கும் என்னங்கண்ணா பண்றது?" என்றார். விபத்துப் பாலிசி ஏஜென்ட் நம்பரை அனுப்பி வைத்தேன்.