நெல்லை வாடகை வேன்: மலைப் பாதைக்குத் தேறுமா?

பத்துப் பேர் கொண்ட குடும்பம் ஒரே நாளில் பாபநாசம், குற்றாலம் பார்த்து, செங்கோட்டை வழியாகத் தென்மலை வரை போய்த் திரும்ப 12 சீட் வேன் சரியான வண்டி. இரண்டு காராக எடுத்தால் ஒன்று அம்பாசமுத்திரத்தைத் தாண்டியிருக்கும், இன்னொன்று சேரன்மகாதேவியில் டீக்கு நின்றிருக்கும். மாஞ்சோலைக்கு மட்டும் இந்த வேன் வேண்டாம். மணிமுத்தாறுக்கு மேலே பாதை ஒடுக்கம். எதிரே பஸ் வந்தால் ஒதுங்க இடம் தேடிப் பின்னாலேயே போக வேண்டியிருக்கும். புலிகள் காப்பகம் என்பதால் வனத்துறை அனுமதியும் தேவை. சின்ன வண்டியாகப் பிடித்து, அனுமதி கிடைக்குமா என்று அம்பாசமுத்திரத்தில் முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போவதுதான் புத்திசாலித்தனம்.

வாடகையில் ஏமாறுவது கிலோமீட்டர் விலையில் அல்ல, ‘ஷெட் டு ஷெட்’ கணக்கில், அதாவது வண்டி தன் ஷெட்டை விட்டுக் கிளம்பித் திரும்ப அங்கே போய்ச் சேரும் வரை ஓடும் மொத்தத் தூரத்துக்கும் காசு. மேலே சொன்ன சுற்று நெல்லையிலிருந்து சுமார் 220 கிலோமீட்டர்தான். ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் 250 அல்லது 300 என்றுதான் பெரும்பாலும் பேசுவார்கள், அதற்குள் அடங்கிவிடும். ஆனால் வண்டியின் ஷெட் தூத்துக்குடியில் இருந்தால் போக வர இன்னொரு 100 கிலோமீட்டர் உங்கள் தலையில் விழும். ஷெட் எங்கே என்று முதலில் கேளுங்கள். டிரைவர் பேட்டா எவ்வளவு, இரவு எத்தனை மணிக்கு மேல் அது கூடும், எல்லையில் இருக்கும் புளியரையைத் தாண்டினால் கேரள வரியும் பர்மிட்டும் யார் பொறுப்பு, இதையெல்லாம் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பேசி முடித்துவிட வேண்டும். மஞ்சள் போர்டு இல்லாத வண்டியை வாடகைக்கு எடுக்கவே கூடாது. விலை குறைவுதான், ஆனால் விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ் கைவிரித்துவிடும்.

வண்டி வாசலில் வந்து நின்றதும் ஏ.சி. குளிர்கிறதா என்று பார்ப்பவர்கள்தான் அதிகம். டயரைப் பாருங்கள். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்த டயர். ஓடும் நாலும் புதிதாக இருந்து ஸ்டெப்னி மட்டும் மொட்டையாக இருப்பது வாடகை வண்டிகளில் சகஜம். ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் இருக்கிறதா என்று திறந்து காட்டச் சொல்லுங்கள். சீட் ரெக்ஸினாக இருந்தால் நல்லது. அருவியில் குளித்துவிட்டு ஈரத்தோடு ஏறுகிற கூட்டத்துக்குத் துணி சீட் ஆகாது, திரும்பும்போது ஒரே வாடை.

12 சீட் என்றால் 12 பேர் என்று கணக்குப் போடாதீர்கள். பத்துப் பேரோடு நிறுத்தினால் பைகளும் ஈரத்துணி வாளியும் உள்ளேயே அடங்கும். கேரியரில் பாரம் ஏற்றினால் வளைவில் வண்டி சாயும், உள்ளே இருப்பவர்களுக்குக் குமட்டும். கடைசி வரிசை பின் அச்சுக்கும் பின்னால் இருப்பதால் ஆட்டம் முழுவதும் அங்கேதான். வாந்தி வரும் பிள்ளைகளை முன்வரிசையில், எதிரே ரோடு தெரியும்படி உட்கார வையுங்கள், கையில் போன் வேண்டாம். காலையில் ரெண்டு இட்லி போதும். புரோட்டாவும் சால்னாவும் பிரானூர் பார்டரில் திரும்பி வரும்போது வைத்துக்கொள்ளலாம்.

இனி முக்கியமான விஷயம், இறக்கம். காரையாற்றிலிருந்து பாபநாசத்துக்கு இறங்கும்போதும், ஆரியங்காவு தாண்டிப் புளியரை எஸ் வளைவில் இறங்கும்போதும் டிரைவரின் கால் எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். ஏறின கியரிலேயே இறங்குகிறவர் நல்ல டிரைவர். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிறவரை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். இஞ்சின் பிடிமானம் இல்லாமல் மொத்தப் பாரமும் பிரேக்கில் இறங்கும். பிரேக் சூடேறும், ஆயில் கொதிக்கும், பெடல் மெத்தென்று உள்ளே போகும். கருகல் வாடை வந்தாலே ஓரங்கட்டி 20 நிமிடம் ஆறவிட வேண்டும். சீக்கிரம் ஆறட்டும் என்று தண்ணீர் ஊற்றினால் பிரேக் டிரம்மோ டிஸ்கோ விரிசல் விட்டுவிடும். புளியரையில் கேரளாவுக்குக் கல்லும் மணலும் ஏற்றிப் போகும் லாரிகள் வரிசையாக வரும், முந்துவதற்கு அங்கே இடமே இல்லை.

வழியில் கரும்பாறையைக் காட்டி, எரிமலைக் குழம்பு உறைந்தது என்று பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் டிரைவர்களும் உண்டு. பொதிகை மலையில் எரிமலை கிடையாது. இங்கே இருப்பவை சார்னோக்கைட், நைஸ் வகைப் பாறைகள், பூமிக்கு அடியில் வெகு ஆழத்தில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியவை. நிஜமான எரிமலைக் குழம்புப் பாறையைப் பார்க்க, சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்து அடுக்கடுக்காக நிற்கும் மகாராஷ்டிரத்து மலைகளுக்கு, மகாபலேஸ்வரம் பக்கம் போக வேண்டும். அதற்கும் இதே வேன் போதும், ஆனால் டிரைவர் இரண்டு பேர் வேண்டும்.

குற்றாலத்துக்கு சீசன் ஜூன் முதல் ஆகஸ்டு வரை. சனி, ஞாயிறு வேண்டாம், வாடகையும் ஏறும், பார்க்கிங்கும் கிடைக்காது. வெள்ளம் வந்தால் அருவியில் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள், கிளம்பும் முன் விசாரியுங்கள். சோப்பு, ஷாம்பு, எண்ணெய்க்கும் அங்கே தடை. ஆடி அமாவாசையை ஒட்டிக் காரையாற்றில் இருக்கும் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் கூட்டம் திரளும் நாட்களில் பாபநாசத்தை விட்டுவிட்டு, ஆலங்குளம் வழியாக நேரே தென்காசிக்குப் போய்விடுங்கள்.