"அதே மெஷின்தான்" என்றால் நம்பாதீர்கள்: பழைய மணிக்கூடு வைத்திருப்போருக்கு

வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் பழைய சீக்கோ, சிட்டிசன் மணிக்கூடுகளை வீட்டில் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைக் கடைசி வரை வாசியுங்கள். திருத்தக் கொடுத்த அப்பாவின் மணிக்கூடு, உள்ளே வேறு யாருடையதோ ஒரு மெஷினோடும் முகத்தில் வேறொரு டயலோடும் எனக்குத் திரும்பி வந்தது. கடையின் பெயரை எழுதப் போவதில்லை. எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். அது அதன் வழியில் நடக்கட்டும். இந்த வேலை எப்படி நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

மணிக்கூடு சீக்கோ 5. அப்பா சவூதியில் வேலை செய்தபோது வாங்கியது. பின்மூடியில் 7009 என்று மாதிரி இலக்கம் தொடங்கும். அதோடு ஆறு இடங்கள் கொண்ட தொடரிலக்கம் ஒன்றும் இருக்கும். அதன் முதல் இடம் ஆண்டின் கடைசி எண், இரண்டாவது இடம் மாதம். ஒக்டோபர், நவம்பர், டிசெம்பர் மாதங்களுக்கு மட்டும் எண்ணுக்குப் பதிலாக அவற்றின் ஆங்கில முதலெழுத்து. எங்களுடையதில் 2, அடுத்து 'என்'. அப்பா 1983 இல் ஊர் திரும்பிவிட்டார். ஆகவே அது 1982 நவம்பரில் செய்யப்பட்டது. நாள் காட்டும் சக்கரத்தில் ஆங்கிலமும் அரபியும் மாறி மாறி அச்சிடப்பட்டிருக்கும்; வளைகுடா நாடுகளில் விற்றவை அப்படித்தான். அப்பா அரபியிலேயே வைத்திருப்பார். அங்கே வெள்ளிக்கிழமைதான் விடுமுறை என்பதால் அந்த ஒரு சொல்லை மட்டும் எங்களுக்கு வாசிக்கக் கற்றுத் தந்திருந்தார்.

2009 இல் போரின் கடைசி மாதங்களில் அப்பாவை மாத்தளனில் இழந்தோம். அம்மா மணிக்கூட்டைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வட்டுவாகலில் தண்ணீருக்குள் இறங்கி நடந்தார். மெனிக் பாம் முகாமில் அவிழ்த்துப் பார்த்தபோது கண்ணாடியின் உட்பக்கம் உப்புநீர் நின்றது. படங்கள், காணி உறுதி, நகை எல்லாம் பதுங்கு குழிகளோடு போய்விட்டன. இறந்தவருடையது என்று எடுத்துக் காட்ட ஒரே ஒரு பொருள் மிஞ்சிய வீடுகள் வன்னியில் எத்தனையோ இருக்கின்றன. அந்த ஒரு பொருளை வாங்கி வைத்துக்கொண்டு வேறொன்றைத் தருபவனை எப்படி மன்னிப்பது?

நான் தொழில்முறைத் திருத்துநர் அல்ல. கடைகளில் கழித்துப் போட்ட மணிக்கூடுகளை வாங்கி, கழற்றிப் பூட்டிப் பழகியவன். அப்பாவுடையதைத் தொடும் முன் அதே 7009 மெஷின்கள் சிலவற்றில் கை பழகினேன். அச்சுகள் தேயாமல் சுழல 17 கல், மணிக்கு 21,600 துடிப்பு, சாவி கொடுக்க முடியாது, கை அசைவில்தான் ஸ்பிரிங் சுற்றும். சுழலும் பாரம் எந்தப் பக்கம் திரும்பினாலும் இரண்டு கொக்கிகளில் ஒன்று பல்லை இழுக்கும், மற்றது தள்ளும். மேஜிக் லீவர் என்று சீக்கோ 1959 இல் கொண்டுவந்த ஏற்பாடு அது. இவ்வளவு குறைந்த பாகங்களில் இவ்வளவு அழகான யோசனை! கழுவும்போது ஒன்றைக் கவனியுங்கள்: பலட் ஃபோர்க் என்னும் சிறு கவையைச் ஸ்பிரிட்டில் ஊறவைக்கக் கூடாது. அதன் கற்களை ஒட்டியிருக்கும் அரக்கு கரைந்து கல் கழன்றுவிடும்.

துருவை மெதுவாக எடுத்தேன். பெரும்பகுதி தப்பியிருந்தது. இரு பக்கமும் ஆடி நேரத்தை அளக்கும் சக்கரமான பலன்ஸ் வீலின் அச்சு முனை மட்டும் ஒடிந்திருந்தது. அச்சு மாற்ற, அதைத் தட்டிப் பொருத்தும் ஸ்டேக்கிங் கருவி வேண்டும். அது என்னிடம் இல்லை. அதனால் நகரத்தில் பெயர் பெற்ற ஒரு கடைக்குக் கொண்டு போனேன். "அச்சை மட்டும் மாற்றுங்கள். முடியாவிட்டால் வேறு மெஷினிலிருந்து முழு பலன்ஸை எடுத்துப் போடுங்கள். மற்ற எதையும் தொட வேண்டாம், ஐயா" என்று தெளிவாகச் சொன்னேன். தலையாட்டினார். 6,500 ரூபாய் என்று எழுதிய துண்டு கிடைத்தது. மாதிரி இலக்கத்தையும் அதில் எழுதச் சொல்லி வாங்கினேன்.

திரும்பக் கிடைத்த மணிக்கூடு பளபளத்தது. அப்பாவின் டயல் வெள்ளி நிறம், ஓரத்தில் பழுப்புப் புள்ளிகள். இதுவோ கடும் நீலம். சாவியை ஒரு படி இழுத்து நாளைத் திருப்பினேன். ஆங்கிலத்தில் வெள்ளி வந்தது. அடுத்த திருப்பில் அரபி வர வேண்டும். மூன்று ஆங்கில எழுத்துகள் வந்தன: வி, ஐ, ஈ. ஸ்பானிய மொழியின் வெள்ளிக்கிழமை. கவுண்டரில் நின்றபடியே கை நடுங்கியது.

"அதே நம்பர் மெஷின்தான் தம்பி. நேரம் சரியாகக் காட்டுகிறதா இல்லையா?" என்றார்.

"நான் தந்த மெஷின் எங்கே?"

"அது துரு. எறிந்துவிட்டோம்."

உள்ளே வேலை செய்துகொண்டிருந்த பையன் அதே நேரத்தில், "அது கொழும்புக்குப் போய்விட்டது அண்ணா" என்றான். இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும். என் கைத்தொலைபேசியில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். பலன்ஸைத் தாங்கும் தகட்டின் திருகாணிக்குப் பக்கத்தில் பிறை வடிவத் துருக்கறை. கடையிலேயே பின்மூடியைத் திறக்கச் சொன்னபோது அந்த இடம் வெறுமையாக இருந்தது. அதன் பிறகுதான் மேசைக்குக் கீழிருந்து ஒரு மா டின்னை எடுத்தார். உள்ளே நிறைய டயல்கள். புள்ளி விழுந்தவை, வெடித்தவை, யார் யாருடைய அப்பாக்களுடையவையோ. எங்களுடையது அதற்குள் இருந்தது. மெஷின் கிடைக்கவில்லை. பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். நான் கேட்டது பணமல்ல.

அந்த நீல டயலை வீட்டில் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். எழுத்துகளின் விளிம்பு தடித்துக் கசிந்திருந்தது. நிமிடக் கோடுகள் சில சரிந்திருந்தன. சீக்கோ டயலின் அடி விளிம்பில் மிகச் சிறிய எழுத்தில் ஒரு குறியீடு இருக்கும். இதில் அது இல்லை. இந்தியாவில் மறுபூச்சுப் பூசி இணையச் சந்தையில் மலிவாக விற்கப்படும் டயல்களில் இதே அடையாளங்களைக் காணலாம். பழைய மெஷினின் நல்ல பாகங்களுக்குத் தனியே விலை இருக்கிறது. மலிவான ஒன்றைப் போட்டுப் பளபளப்பாக்கித் தந்தால் பெரும்பாலானோர் நன்றி சொல்லிவிட்டுத்தான் போவார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பின்மூடியைத் திறந்து பார்க்கவோ, நாள் சக்கரத்தின் மொழியை நினைவில் வைக்கவோ எல்லோருக்கும் தோன்றாது.

அதனால் கொடுக்கும் முன்பே படம் எடுங்கள். டயலின் அடி எழுத்து, பின்மூடி இலக்கம், நாள் சக்கரத்தின் இரண்டு மொழிகள், முடிந்தால் கடைக்காரரைத் திறக்கச் சொல்லி மெஷினும். என்ன வேலை, எந்தப் பாகம் மாறும் என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகம் துருப்பிடித்ததானாலும் உங்களுடையது. அதைக் கையில் தரச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் கொடுக்காதீர்கள். ஏமாற்றப்பட்டிருந்தால் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம். மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், பற்றுச்சீட்டு இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும். நான் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில் கொடுத்தேன், மரியாதையாகவே வாங்கிக்கொண்டார்கள்.

இதை வாசிப்பவர்களில் உதிரிப்பாகத்துக்காகப் பழைய மெஷின் வாங்குபவர்களும் இருப்பீர்கள். அண்மையில் உங்களிடம் வந்த 7009 ஒன்றில் நாள் சக்கரம் ஆங்கிலமும் அரபியுமாக இருந்து, பலன்ஸ் தகட்டில் திருகாணியை ஒட்டிப் பிறை போல் துருக்கறையும் இருந்தால், தயவுசெய்து அதைப் பிரிக்காமல் வைத்து எனக்குத் தெரியப்படுத்துங்கள். யாரிடம் வாங்கினீர்கள் என்று கேட்க மாட்டேன். நீங்கள் கொடுத்த விலைக்கு மேலேயே தருகிறேன்.