பினாங்கு வெயிலில் சைடரும் பழக்காடியும்: நான்கு ஆண்டு அனுபவம்

நான் வீட்டில் செய்வது பழக்காடி, அதாவது வினிகர். ஆனால் காடிக்குப் போகும் பாதை சைடர், அதாவது பழச்சாற்றை நொதிக்க வைத்த மது, வழியாகத்தான் போகிறது. பழச்சாற்றின் சர்க்கரையை முதலில் ஈஸ்ட் சாராயமாக்க வேண்டும். பிறகு அசிட்டோபாக்டர் என்ற நுண்ணுயிர் அந்தச் சாராயத்தைப் புளிப்பாக்கும். அதனால் சைடர் செய்பவர்கள் வாங்கும் கருவிகளையே நானும் வாங்கினேன். ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் 4 ஆண்டுகளாக அவற்றைப் பயன்படுத்தி வருகிறேன்.

சைடரோடு நிறுத்தாததற்குக் காரணம் அம்மா. கெடாவில் ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். சம்பள நாளில் கள்ளுக்கடைக்குப் போன தாத்தா எந்தக் கோலத்தில் வீடு திரும்புவார் என்பதைக் கதவோரம் நின்று பார்த்தவர். கள்ளுக்குப் பிறகு வந்த சம்சு என்ற மலிவுச் சாராயம் அக்கம்பக்கத்தில் எத்தனை அடுப்பை அணைத்தது என்பதும் அவருக்குத் தெரியும். 2018இல் சிலாங்கூரில் போலி மதுவில் இருந்த மெத்தனால் பலரைக் கொன்ற செய்தி வந்தபோது, தொலைக்காட்சியை அணைத்துவிட்டு எழுந்து போனார். ஜாடியும் ஈஸ்டும் வீட்டுக்குள் வந்த அன்று, "இது காடியாகும் வரைக்கும் நான் பார்த்துக்கொண்டேதான் இருப்பேன், தம்பி" என்றார். இன்றுவரை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

பழச்சாறு தானாக நொதிக்கும்போது உண்டாகும் மெத்தனால் மிகச் சொற்பம். நொதித்த சாற்றைக் காய்ச்சி வடிப்பது வேறு கதை. அந்தப் பக்கமே போகக் கூடாது. நம் மலேசியாவில் மதுபானம் தயாரிக்க 1976ஆம் ஆண்டின் கலால் சட்டப்படி உரிமம் வேண்டும் என்பதையும் சைடர் ஆசையில் இருப்பவர்கள் மறக்க வேண்டாம்.

வாங்கியவற்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் ஹைட்ரோமீட்டரைத்தான் எடுப்பேன். சாற்றின் ஒப்படர்த்தியை, அதாவது தண்ணீரைவிட அது எத்தனை மடங்கு அடர்த்தி என்பதை, அளக்கும் கண்ணாடிக் குழாய் அது. ஆப்பிள் சாறு பெரும்பாலும் 1.048 அளவில் தொடங்கும். சர்க்கரை தீரத் தீர எண் இறங்கி 1.000க்கு வரும். தொடக்க எண்ணிலிருந்து முடிவு எண்ணைக் கழித்து 131.25ஆல் பெருக்கினால் சாராயத்தின் சதவீதம் கிடைக்கும். இங்கே ஏறக்குறைய 6.3. குளிர்நாட்டுச் செய்முறைகள் இரண்டு வாரம், மூன்று வாரம் என்று நாள் கணக்குச் சொல்கின்றன. எங்கள் சமையலறையில் ஆறே நாளில் முடிந்துவிடுகிறது. ஒருமுறை மழை ஓயாமல் பெய்த டிசம்பரில் பத்து நாள் எடுத்தது. நாள் கணக்கை நம்பியிருந்தால் இரண்டு முறையும் தவறியிருப்பேன்.

இதில் ஒரு நுணுக்கம். என் கருவி 20 பாகை செல்சியஸுக்கு அளவிடப்பட்டது. 30 பாகை வெப்பத்தில் அது 0.002 முதல் 0.003 வரை குறைத்துக் காட்டும். இரண்டு அளவையும் ஒரே வெப்பத்தில் எடுத்தால் கழித்து வரும் வித்தியாசம் அநேகமாக மாறாது. சர்க்கரை சேர்த்துக் குறிப்பிட்ட எண்ணுக்குக் கொண்டுவரும்போது மட்டும் இதைக் கூட்டிக்கொள்ள வேண்டும். இதை நான் கண்டுகொள்ளவே ஓராண்டு ஆயிற்று.

வெப்பம்தான் இங்கே பெரிய எதிரி. முதலில் வாங்கிய ஆங்கிலேய ஈஸ்ட் 20 பாகையை விரும்பும் வகை. 31 பாகையில் அது செய்த சைடர், பெயிண்ட் தின்னர்போல் நாறியது. மூன்று லிட்டரையும் கொட்டினேன். இப்போது கே1-வி1116 என்ற ஈஸ்ட் வகையைத்தான் பயன்படுத்துகிறேன். 35 பாகை வரை தாங்கும் என்று தயாரிப்பாளரே குறிப்பிடுகிறார். அதோடு, ஜாடியைத் தண்ணீர் நிரப்பிய பேசினில் நிறுத்தி, ஈரத்துணி சுற்றி, குளியலறைத் தரையில் வைக்கிறேன். இந்தக் காற்றின் ஈரப்பதத்தில் இரண்டு மூன்று பாகைக்கு மேல் குறையாது. அந்த இரண்டு பாகையே வாசனையைக் காப்பாற்றிவிடுகிறது.

சாறு வாங்கும்போது அட்டையில் சோர்பேட், பென்சோயேட் என்ற சொற்களைத் தேடுங்கள்; ஈஸ்டை வளரவிடாத பதப்படுத்திகள் அவை. ஒரு பெட்டிச் சாறு ஐந்து நாளாகியும் குமிழே விடாமல் இருந்தது; பிறகுதான் அச்சிட்ட சிறிய எழுத்தைப் படித்தேன். சந்தையில் கிடைக்கும் ஆப்பிள்கள் தின்பதற்கான வகைகள். இங்கிலாந்தின் சைடர் ஆப்பிள்களில் இருக்கும் துவர்ப்பு இவற்றில் இல்லை. ஐந்து லிட்டருக்கு ஒரு கோப்பை கட்டியான கேமரன் மலைத் தேயிலைச் சாயம் ஊற்றினால் அந்தக் குறை தெரியாது. ஆனால் என் மனத்துக்கு நெருக்கமானது ஜோசபின் அன்னாசி. தோலும் தண்டும் சேர்த்தே நொதிக்க வைக்கலாம். காடியான பிறகும் அன்னாசி மணம் நிற்கிறது. பினாங்குத் தீவின் பாலேக் பூலாவ் ஊர்ச் சாதிக்காய்த் தோலையும் முயன்றேன். மணம் மிஞ்சிப்போய், இருமல் மருந்தை நினைவூட்டியது.

எண் 1.000 ஆனதும் வேலை தலைகீழாகிறது. அதுவரை ஏர்லாக் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத, தண்ணீர் நிரப்பிய சிறு அடைப்பு) போட்டுக் காற்றை வெளியே நிறுத்தினோம். இனி காற்று வேண்டும். அகன்ற வாய் ஜாடிக்கு மாற்றி, உயிருள்ள பழைய காடி கால் பங்கு சேர்த்து, துணியால் மூடுகிறேன். மேலே மெல்லிய ஆடை படரும், அதுதான் காடித்தாய். வழவழப்பாக இருந்தால் நல்லது. பஞ்சுபோல் பச்சையோ கறுப்போ தெரிந்தால் அப்படியே கொட்டிவிட வேண்டும். சல்லடைத் துணி போதாது, பழ ஈக்கள் நுழைந்துவிடும். நெருக்கமாக நெய்த பழைய வேட்டித் துண்டு இரண்டு மடிப்பு போதுமானது. ஐந்தாறு வாரத்தில் மூக்கைக் குத்தும் புளிப்பு வந்துவிடும். அப்போது புட்டியில் கழுத்து வரை நிரப்பி மூடவில்லை என்றால், அதே நுண்ணுயிர் அமிலத்தையும் தின்று நீராக்கிவிடும். என் முதல் நல்ல அன்னாசிக் காடி அப்படித்தான் கைவிட்டுப் போனது. இரும்பு மூடியும் ஆகாது, துருப்பிடிக்கும்.

ஏர்லாக் மலிவு, பழுதில்லை. வெயிலில் அதன் தண்ணீர் வற்றுவதை மட்டும் கவனிக்க வேண்டும். குழாய் வைத்த ஜாடி ஒன்றையும் வாங்கினேன், ரப்பர் வளையம் இரண்டே மாதத்தில் ஒழுகியது. அதைப் பரிந்துரைக்க மாட்டேன். பிஎச் தாள், அதாவது அமிலத்தன்மையை நிறத்தால் காட்டும் தாள், காடியில் இருக்கும் அமிலத்தின் சதவீதத்தைச் சொல்லாது. ஆகவே மாதக்கணக்கில் வைக்கும் ஊறுகாய்க்கு என் காடியைப் பயன்படுத்துவதில்லை. கடையில் விற்கும் 5 சதவீதக் காடிதான். அன்றே தின்று தீர்க்கும் வெள்ளரி அச்சாருக்கும் ஆட்டிறைச்சி ஊற வைப்பதற்கும் வீட்டுக் காடி.

இப்போது குளியலறையில் ஒன்றும் இல்லை. சமையல் மேடையில் மூன்றாவது வார அன்னாசி நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை நெய்ச்சோற்றுக்கு அச்சார் வேண்டும் என்று அம்மா நேற்றே துணியை விலக்கி முகர்ந்து பார்த்தார். "இன்னும் சாராய வாடை போகவில்லை" என்று சொல்லி மூடிவிட்டு, அலமாரியிலிருந்த போன வருடத்துப் புட்டியை எடுத்துப் போனார்.