இணையச் சதுரங்கமா, நேரடிப் போட்டியா? ஹான்ஸ் நீமன் விவகாரத்தை வைத்து ஓர் ஒப்பீடு

பிள்ளையை எதில் இறக்குவது என்று குழம்பும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன்.

செலவு: இணையத்தில் ஒரு போனும் இணைப்பும் போதும். நேரடிப் போட்டிக்கு நுழைவுக் கட்டணம், பயணம், தங்குமிடம் என்று கை கடிக்கும்.

பட்டம்: சதுரங்கத்தின் உயர்ந்த பட்டமான கிராண்ட்மாஸ்டர் ஆக மூன்று நார்ம்களும் (தகுதியான தொடரில் பட்டத்துக்குரிய தரத்தில் ஆடியதற்கான அங்கீகாரம்) 2500 ரேட்டிங்கும் (ஆட்டத் திறனைக் காட்டும் புள்ளி) வேண்டும். இரண்டும் நேரடிப் பலகையில் மட்டுமே கிடைக்கும்.

நம்பிக்கை: இங்கேதான் மனசு கனக்கிறது. 2022 செப்டம்பரில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் நடந்த தொடரில், 19 வயது அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் நீமன் கறுப்புக் காய்களோடு அப்போதைய உலகச் சாம்பியன் மேக்னஸ் கார்ல்சனை வீழ்த்தினார். மறுநாளே கார்ல்சன் தொடரை விட்டு விலகினார்; நீமன் ஏமாற்றினாரோ என்ற சந்தேகம் கிளம்பியது. இணையத்தில் 12 வயதிலும் 16 வயதிலும் ஏமாற்றியதை நீமனே ஒப்புக்கொண்டார். நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் ஏமாற்றியிருக்கலாம் என்றது இணையச் சதுரங்கத் தளமான செஸ்.காமின் அறிக்கை. அதை அவர் மறுத்தார். நேரடிப் பலகையில் ஏமாற்றியதாக எதுவும் நிரூபணமாகவில்லை. ஆனாலும் அடுத்த மாதம் அமெரிக்கச் சாம்பியன்ஷிப்பில், கைகளை விரித்து நின்ற அவர் உடல் முழுக்க ஸ்கேனர் கருவியை ஓட்டினார்கள். பார்க்கவே சங்கடமாக இருந்தது.

வீட்டு அறையில் எஞ்சினை, அதாவது சிறந்த நகர்வைச் சொல்லிவிடும் கணினி நிரலை, திறக்க ஒரு நொடி போதும். அரங்கில் நடுவர் இருக்கிறார்; வெளியிலிருந்து யாரும் உதவ முடியாதபடி, பெரிய தொடர்கள் பலவற்றில் நேரலையும் தாமதமாகவே போகிறது.

தினசரிப் பயிற்சிக்கும் வேக ஆட்டத்துக்கும் இணையம் போதும். பட்டம்தான் குறி என்றால், கடன்பட்டாவது வருடத்துக்கு நாலைந்து நேரடிப் போட்டிகளுக்கு அனுப்புங்கள். வீட்டில் ஆடும்போது கதவு மட்டும் திறந்தே இருக்கட்டும்.