நாட்டுக்கோழியா, கிராமப்பிரியாவா? வயசான பிறகு எது கைகொடுக்கும்

உச்சிப்புளி, மண்டபம் பக்கம் கொல்லையில் கோழி வளர்க்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது முட்டைக் கணக்குதான். அதில் போட்டியே இல்லை. ஐதராபாத் கோழி ஆராய்ச்சி இயக்ககம் உருவாக்கிய கலப்பினக் கோழியான கிராமப்பிரியா வருடத்துக்கு 150க்கு மேல் இடும். நம்மூர் நாட்டுக்கோழியான சிறுவிடை 60, 70 இட்டாலே பெரிது. எங்கள் வீட்டில் இரண்டும் ஒரே கொல்லையில்தான் மேய்ந்தன. இப்போது நாட்டுக்கோழி மட்டும் வைத்திருக்கிறோம். காரணம், வயசான கோழி.

எந்தப் பெட்டையும் முதல் வருடம்தான் நிறைய இடும். ஒன்றரை வயது வாக்கில் இறகு உதிர்த்து முட்டையை நிறுத்தும். இறகு முளைத்ததும் மறுபடி தொடங்கும், ஆனால் வருடா வருடம் குறையும், ஓடும் மெல்லிசாகும். கடற்கரையில் கிடக்கும் கிளிஞ்சலைப் பொடித்து வைத்தால் ஓட்டுக்கு நல்லது. கருவாட்டுத் தலையை மட்டும் அப்படியே போடாதீர்கள், அந்த உப்பு கோழிக்கு ஆகாது. முட்டை இடுகிறதா, நிறுத்திவிட்டதா என்று சந்தேகமா? கோழியைப் பிடித்து, பின்பக்கத்து இரண்டு இடுப்பெலும்புக்கு நடுவில் விரல் வைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று விரல் தாராளமாக நின்றால் இடுகிறது. ஒரு விரலுக்கே இடமில்லை, கொண்டையும் சுருங்கி வெளிறிப்போயிருக்கிறது என்றால் நிறுத்திவிட்டது.

இந்தக் கட்டத்தில்தான் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும். முட்டை குறைந்த கிராமப்பிரியாவுக்குக் குருணையும் தவிடும் செலவுதான். அது அடை உட்காருவது அபூர்வம். அதனால் புதிதாகக் குஞ்சு வாங்க வேண்டும், பல்பு போட்டுச் சூடு காட்ட வேண்டும். சிறுவிடைக்கு அந்த வேலையே இல்லை. அடைக்கு வந்த பெட்டை கூட்டை விட்டு எழாது. கையை நீட்டினால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கொத்த வரும். ஓலைப்பெட்டியில் மணல் பரப்பிப் பத்துப் பன்னிரண்டு முட்டை வைத்துவிட்டால் 21 நாளில் குஞ்சு. இதில் வயசான பெட்டைதான் கெட்டிக்காரி. இளசு சில நேரம் பாதியில் எழுந்து போய்விடும். அனுபவப்பட்டது அசையாது. பருந்தின் நிழல் தரையில் விழுந்ததும் ஒரு குரல் கொடுக்கும், குஞ்சுகள் அத்தனையும் இறக்கைக்குள் ஓடிவந்துவிடும். முட்டை குறைந்தாலும் அடுத்த தலைமுறையை அதுவே தருகிறது.

அப்புறம் விலை. சாறு வைக்க, பிள்ளை பெற்ற வீட்டுக்குக் கொடுக்க என்று முற்றின நாட்டுக்கோழியைத் தேடி வீட்டுக்கே வருவார்கள். ஆடி மாதம் கேட்கவே வேண்டாம். வயசான கலப்பினக் கோழியைக் கொண்டுபோனால் வியாபாரி எடையைப் பார்த்துக் கறிக்கோழிக் கணக்கில்தான் பேசுவார். எங்களுக்கு அப்படித்தான் போனது.

நோயில் பெரிய வித்தியாசம் பார்க்காதீர்கள். வெள்ளைக்கழிச்சலுக்கு இரண்டுக்கும் தடுப்பூசி வேண்டும். நாட்டுக்கோழிக்கு ஒன்றும் வராது என்பது வெறும் பேச்சு.

வீட்டில் பிள்ளைகள் இருந்து தினமும் முட்டை வேண்டும் என்றால் கிராமப்பிரியா வாங்குவது சரிதான், ஆனால் இரண்டாம் வருடம் முடிவதற்குள் விற்றுவிடுங்கள். பி.வி.380 என்ற முட்டைக்கோழி இன்னும் அதிகமாக இடும் என்கிறார்கள். நான் வளர்த்ததில்லை, அதனால் சொல்ல மாட்டேன். வருடக்கணக்கில் கொல்லையில் கோழி நிற்க வேண்டும், கைக்காசு போட்டுக் குஞ்சு வாங்கக் கூடாது என்றால் ஒரு நல்ல சேவலும் நான்கைந்து சிறுவிடைப் பெட்டையும் போதும். அதில் நன்றாக அடை காக்கும் கிழட்டுப் பெட்டையை மட்டும் எந்த விலைக்கும் கொடுத்துவிடாதீர்கள்.