டாரஸ் டீசல் புல்லட்டை எந்த வழியில் விற்பது?

சென்னையின் ராயல் என்ஃபீல்டு நிறுவனம் விற்ற டாரஸ், ஆலையிலேயே டீசல் எஞ்சினோடு பேரளவில் உருவாகிச் சாலைக்கு வந்த மிகச் சில மோட்டார் சைக்கிள்களுள் ஒன்று. பழக்கப்பட்ட புல்லட் சட்டத்தில், சிறு தொழில்களுக்கும் வேளாண்மைக்கும் பயன்பட்ட கிரீவ்ஸ் லொம்பார்டினி வகையைச் சேர்ந்த 325 சிசி ஒற்றை சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தியிருந்தார்கள். அதன் திறன் ஏறத்தாழ 6.5 குதிரைத்திறன், அக்காலப் பெட்ரோல் புல்லட்டின் திறனில் அது பாதிகூட இல்லை. மணிக்கு 65 கிலோமீட்டரைத் தாண்டுவது அரிது என்றாலும், லிட்டருக்கு 70 கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓடியது. 2000ஆம் ஆண்டை ஒட்டி மாசு விதிகள் இறுகியதும் தயாரிப்பு நின்றுபோனது. இத்தகைய வண்டியைச் சீரமைத்து முடித்து விற்க நினைப்பவருக்குப் பழைய வண்டிகளை வாங்கி விற்கும் ஆட்டோ கன்சல்டிங், இணைய விளம்பரம், பழைய வண்டி ஆர்வலர்களின் வட்டம் என மூன்று வழிகள் இருக்கின்றன.

கன்சல்டிங்கில் பணம் உடனே கைக்கு வரும்; அதற்கு மேல் அந்த வழியைப் பற்றிச் சொல்ல நல்லது அதிகமில்லை. அங்கே விலை பேசத் தொடங்குவதே அதே ஆண்டுப் பெட்ரோல் புல்லட்டின் விலையிலிருந்துதான். டீசல் என்பதை ஒரு குறையாகக் கணக்கிட்டு அதிலிருந்தும் கழிப்பார்கள். எஞ்சினுக்குள் டீசலைச் செலுத்தும் இன்ஜெக்டர் பம்பைச் செப்பனிட ஆன செலவையோ உதிரி பாகங்களுக்கு அலைந்ததையோ அவர்கள் பொருட்படுத்தப் போவதில்லை. இந்த வழியைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால், அங்கீகாரச் சான்று பெற்ற டீலரிடமே கொடுக்க வேண்டும். வண்டியை அவரிடம் ஒப்படைத்ததை அரசு இணையதளத்தில் பதியும் நடைமுறை 2023 ஏப்ரல் முதல் இருக்கிறது. நிரப்பாத படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தால், அந்த வண்டியால் நேரும் விபத்துக்கும் அபராதத்துக்கும் ஆர்சியில் பெயருள்ளவரையே தேடி வருவார்கள்.

இணைய விளம்பரம் கேரளம், பஞ்சாப் வரை எட்டும் என்பது அதன் பெரிய பலம். ஆனால் அழைப்பவர்களில் பலர் மைலேஜ் ஒன்றையே கேட்பார்கள். எரிபொருள் செலவை மிச்சப்படுத்த வண்டி தேடுபவர், சீரமைப்புக்கான விலையை ஒருபோதும் தர மாட்டார் என்பதால், அவரோடு பேசும் நேரம் வீண்தான். ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி, பணம் அனுப்புவதற்கென்று கியூஆர் குறியீட்டை அனுப்பும் மோசடிக்காரர்களையும் தவிர்த்தாக வேண்டும். டெல்லியிலிருந்து வரும் அழைப்பை இன்னும் நிதானமாகக் கையாள வேண்டும். 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகள் தலைநகர வட்டாரத்தில் ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் பிறப்பித்த உத்தரவை 2018இல் உச்ச நீதிமன்றமும் நிலைநிறுத்தியது. அதன் பிறகும் அந்த விவகாரம் நீதிமன்றத்துக்கு வந்தபடியே இருப்பதால், அங்கு பதிவு மாற்ற முடியுமா என்பதை வாங்குபவரே விசாரித்து உறுதி செய்த பிறகுதான் முன்பணம் வாங்க வேண்டும். விளம்பரத்தில் மினுக்கும் பெயின்ட்டைக் காட்டும் படங்கள் பத்து இருப்பதைவிட, குளிர்ந்த எஞ்சினை, சிலிண்டரின் அழுத்தத்தைத் தளர்த்தும் டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து உதைத்துக் கிளப்பும் ஒற்றை வீடியோ மேலானது.

ஆர்வலர் வட்டத்தில் பேச்சே வேறு. அங்கு வருபவர் முதலில் பார்ப்பது வண்டியை அல்ல, ஆர்சியை. பெட்ரோல் புல்லட்டில் பிற்காலத்தில் டீசல் எஞ்சினை ஏற்றிய வண்டிகள் ஏராளம். அதைப் போலவே அசல் டாரஸை பெட்ரோலுக்கு மாற்றியவர்களும் உண்டு. எனவே எரிபொருள் என்ற இடத்தில் டீசல் என்று பதிவாகியிருக்கிறதா, எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஆர்சியோடு ஒத்துப்போகின்றனவா என்று தடவிப் பார்த்துத்தான் அவர் பேச்சைத் தொடங்குவார். அவை சரியாக இருந்தால், கன்சல்டிங்கில் குறையாக எண்ணப்பட்ட அதே எஞ்சின் இங்கே விலையை ஏற்றும். அளவுக்கு மீறிய குரோம் பூச்சும் புதுப்பாணி இருக்கையும் இவர்களிடம் மதிப்பைக் குறைக்கவே செய்யும் என்பதைச் சீரமைக்கும்போதே நினைவில் வைத்திருந்தால் நல்லது. என்ஃபீல்டு சட்டத்தில் ஹாட்ஸ் நிறுவனத்தின் டீசல் எஞ்சினைப் பொருத்தி ஓட்டும் ரசிகர்கள் ஜெர்மனியிலும் இருக்கிறார்கள். ஆனால் கப்பல் செலவையும் சுங்கத்தையும் கூட்டிப் பார்த்தால் அது பேச்சளவில்தான் இனிக்கும். இந்த வட்டத்தின் குறை தாமதம்: சரியான ஆள் கிடைக்க மாதங்கள் ஆகலாம், கிடைத்தவரும் உதிரி பாகத்தின் விலை வரை அறிந்தவர் என்பதால் பேரத்தில் எளிதில் விட்டுக்கொடுக்க மாட்டார்.

அவசரம் இல்லாதவருக்கு ஆர்வலர் வட்டமே முதல் வழி என்பேன். அங்கே சில மாதம் நகராமல் இருந்தால் மட்டும் இணையத்துக்குப் போகலாம். எங்கே விற்றாலும் வின்டேஜ் என்ற சொல்லை விளம்பரத்தில் போடாதிருப்பது நேர்மை. 2021இல் வந்த மத்திய விதி 50 ஆண்டு கடந்த வண்டிகளையே அப்படி ஏற்கிறது. டாரஸுக்கு இன்னும் அந்த வயது ஆகவில்லை.

ஆகவே இது சாதாரணப் பதிவில் உள்ள வண்டிதான். 15 ஆண்டு கடந்த பதிவை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் வேலையை விற்பனைக்கு முன்பே முடித்துவிட வேண்டும். டீசல் வண்டிக்குப் புகையளவைச் சோதிக்கும் கருவி தேவை என்பதால், மாசுச் சான்றுக்கு இருசக்கர வண்டிகளை மட்டும் பார்க்கும் மையத்துக்குப் போய்ப் பயனில்லை. விற்ற பின் உள்மாநிலம் என்றால் 14 நாட்களுக்குள் படிவம் 29 வழியாக வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வெளிமாநிலம் என்றால் தடையின்மைச் சான்றோடு 45 நாள் அவகாசம் உண்டு.