மதுரையிலிருந்து ஷேக்கர் ஏடுகளைத் தேடுவோருக்கு: ஹாமில்டன் கல்லூரியின் இணையத் தொகுப்பு எப்படி?

சொத்தைப் பொதுவில் வைத்து, ஓரிடத்தில் கூடி வாழ்ந்த சமயக் குழுக்களைப் பற்றி மதுரையில் ஆய்வு செய்கிறவர்களுக்கு உள்ளூர்ச் சான்றுகள் ஓரளவு தெரிந்தவைதான். வள்ளலார் 1867இல் வடலூரில் தொடங்கிய சத்திய தருமச்சாலை, 1921இல் திருப்பத்தூரில் எழுந்த கிறிஸ்துகுல ஆசிரமம், கீழக்குயில்குடி சமணர் மலை என்று வரிசை போகும். ஒப்பிட ஒரு வெளிநாட்டுக் குழு வேண்டும் என்று நெறியாளர் சொல்லும்போது பெரும்பாலும் அமெரிக்க ஷேக்கர்களிடம்தான் போய் நிற்க வேண்டிவரும். அவர்கள் அளவுக்கு எழுதிவைத்துவிட்டுப் போன கூட்டுவாழ்வுக் குழு குறைவு.

அவர்களுடைய அச்சு ஏடுகளையும் கையெழுத்துப் பிரதிகளையும் சேர்த்துவைத்திருக்கும் இடங்களில் ஒன்று, நியூயார்க் மாநிலம் கிளின்டன் ஊரில் உள்ள ஹாமில்டன் கல்லூரியின் பர்க் நூலகம். அதன் ‘கம்யூனல் சொசைட்டீஸ்’ தொகுப்பில் ஒரு பகுதி இணையத்தில் இருக்கிறது. காசு கிடையாது. ஷேக்கர்களின் அச்சு ஏடுகளைப் படிக்க, மதுரையில் இருப்பவர் முதலில் போக வேண்டிய இடம் இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம். கையெழுத்துப் பிரதிகளுக்கு இது மட்டும் போதாது. ஏன் என்பதைக் கீழே விரிவாகப் பார்க்கலாம்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொன்னால், 1736இல் மான்செஸ்டரில் பிறந்த, ஷேக்கர்களின் தலைவி ஆன் லீ, 1774இல் எட்டுப் பேருடன் நியூயார்க் வந்து இறங்கினார். 1784இல் அவர் இறந்த பிறகு, 1787இல் நியூயார்க் மாநிலத்து நியூ லெபனானில் குழுவாகக் கூடி வாழத் தொடங்கினார்கள். திருமணம் இல்லை, சொத்து பொது, பாவ அறிக்கை கட்டாயம். முதலில் வாய்மொழியாக இருந்த உடன்படிக்கை 1795இல் எழுத்துக்கு வந்தது. ‘ஷேக்கர்’ என்பது, வழிபாட்டில் உடல் நடுங்க ஆடியதைப் பார்த்து வெளியார் வைத்த கேலிப் பெயர். தங்களை அவர்கள் ‘பிலீவர்ஸ்’ என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். தேடுபவர் தடுக்கி விழும் முதல் இடமும் இதுதான். நூலகப் பட்டியலில் பொருள் தலைப்பு ‘ஷேக்கர்ஸ்’ என்று இருக்கும். ஆனால் முழு உரைக்குள் தேடும்போது ‘பிலீவர்ஸ்’, அவர்களின் முறையான பெயரில் வரும் ‘யுனைட்டட் சொசைட்டி’ இரண்டையும் போடாவிட்டால் பாதிக்குப் பாதி கைநழுவிவிடும்.

ஊர்ப்பெயர்கள் அடுத்த சிக்கல். என்ஃபீல்டு என்ற பெயரில் இரண்டு ஷேக்கர் ஊர்கள் உண்டு, ஒன்று கனெக்டிகட்டில், மற்றது நியூ ஹாம்ப்ஷயரில். மாநிலப் பெயர் சேர்க்காமல் தேடினால் இரண்டும் கலந்து வரும். ஹார்வர்டு என்ற ஷேக்கர் ஊரைப் போட்டால் அதே பெயருள்ள பல்கலைக்கழகம் வந்து கொட்டும். ஆல்ஃபிரட், ஹான்காக் இரண்டும் ஆள் பெயர்களாகவும் இருப்பதால் தேவையில்லாத பக்கங்கள் நூற்றுக்கணக்கில் வரும். தலைமை ஊரான நியூ லெபனான், 1861 முதல் மவுண்ட் லெபனான் ஆகிவிட்டது. அதற்கு முந்தியதைத் தேட ஒரு பெயர், பிந்தியதற்கு ஒரு பெயர். 1808இல் வந்த அவர்களின் பெரிய இறையியல் நூலில் அச்சிட்ட ஊர் லெபனான் என்று இருக்கிறதே என்று அதை நியூயார்க் கணக்கில் சேர்ப்பவர்கள் உண்டு. அது ஓஹாயோவில் உள்ள லெபனான்.

இதற்கும் மேலே ஒரு பூட்டு இருக்கிறது. 1837 தொடங்கிச் சுமார் 1850 வரை அவர்களிடையே அருள்வாக்கும் காட்சிகளும் பெருகிய காலம். அப்போது ஒவ்வோர் ஊருக்கும் ஓர் ஆன்மிகப் பெயர் சூட்டினார்கள். நியூ லெபனான் ‘ஹோலி மவுண்ட்’, வாட்டர்வ்லீட் ‘விஸ்டம்ஸ் வேலி’, ஹான்காக் ‘சிட்டி ஆஃப் பீஸ்’, கான்டர்பரி ‘ஹோலி கிரவுண்ட்’. அந்தக் காலத்துக் கையெழுத்துப் பிரதிகளில் தலைப்பிலேயே இந்தப் பெயர்தான் நிற்கும், நிலப்படப் பெயர் இருக்காது. நாம் திருஆலவாய், கூடல், நான்மாடக்கூடல் எல்லாம் மதுரைதான் என்று தெரிந்துகொண்டு பழம்பாட்டைப் படிப்பதுபோல, இந்தப் பெயர்களை ஒரு தாளில் எழுதி ஒட்டிவைத்துக்கொண்டு தேட உட்கார வேண்டும்.

தொகுப்பிலேயே மிகவும் பயன்படுவது அவர்களின் மாத இதழ். 1871 முதல் 1899 வரை வந்தது, ஆனால் பெயர் மாறிக்கொண்டே இருந்தது. 1871-72இல் ‘தி ஷேக்கர்’, 1873-75இல் ‘ஷேக்கர் அண்ட் ஷேக்கரெஸ்’, 1876-77இல் மறுபடி ‘தி ஷேக்கர்’, 1878-82இல் ‘ஷேக்கர் மேனிஃபெஸ்டோ’, 1883 முதல் வெறும் ‘மேனிஃபெஸ்டோ’. அடிக்குறிப்பில் எல்லாவற்றையும் ‘மேனிஃபெஸ்டோ’ என்று எழுதினால் தேர்வாளர் திருப்பி அனுப்புவார். ஆண்டுக்குரிய பெயரைப் போட வேண்டும்.

இந்த இதழில் தலையங்கத்தையும் பிரசங்கத்தையும் முதலில் தாண்டிவிடுங்கள். ‘ஹோம் நோட்ஸ்’ என்ற பகுதிக்குப் போங்கள். ஒவ்வோர் ஊரிலிருந்தும் யாராவது ஒருவர் எழுதிய சின்னச் செய்திகள் அங்கே இருக்கும்: விளைச்சல், கூரை வேலை, யாருக்கு உடம்பு சரியில்லை, யார் வந்துபோனார்கள் என்பதெல்லாம். மவுண்ட் லெபனான் செய்தியில் வெப்பமானி அளவு, மழை, பனி மூன்றையும் சிறு அட்டவணையாகத் தருவார்கள். கடைசியில் இறந்தவர்கள் பட்டியல். பெயர், ஊர், தேதி, அதன்பின் வயது, ஆண்டும் மாதமும் நாளும் பிரித்து எழுதியிருக்கும். பிள்ளைப்பேறு இல்லாத சமூகம் என்பதால், யார் யார் வாழ்ந்தார்கள் என்று குடும்ப மரம் போட முடியாது. அந்தப் பட்டியலை ஆண்டுவாரியாக ஒரு எக்செல் தாளில் ஏற்றினால், எந்த ஊர் எப்போது முதியோர் மட்டுமே மிஞ்சிய ஊராக ஆனது என்பது கண்முன் தெரியும். எந்த வரலாற்று நூலும் இவ்வளவு நேராக இதைக் காட்டாது.

ஸ்கேன் உரைத் தேடலை முழுதாக நம்ப வேண்டாம். இது எந்தத் தொகுப்புக்கும் பொருந்தும். 1800க்கு முந்திய அச்சில் சொல்லின் தொடக்கத்திலும் நடுவிலும் வரும் ‘எஸ்’ நீண்டு, ‘எஃப்’ மாதிரி தெரியும். 1790இல் பென்னிங்டனில் அச்சான அவர்களின் முதல் வெளியீட்டை இயந்திரம் படித்தால், பாவத்தைக் குறிக்கும் ‘சின்’, மீன் துடுப்பான ‘ஃபின்’ ஆகிவிடும். எனவே ‘எஸ்’ இருக்கும் இடத்தில் ‘எஃப்’ போட்டு இரண்டாம் முறையும் தேடுங்கள். கையெழுத்தில் இந்தப் பழக்கம் இன்னும் நீண்ட காலம் ஓடியது. இரட்டை ‘எஸ்’ வந்தால் முதலாவதை மட்டும் நீட்டி எழுதுவார்கள். பத்தி பத்தியாகப் பிரித்து அச்சான பக்கங்களில் வரிகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிடுவதும் உண்டு. இரண்டு சொல் சேர்த்துத் தேடி எதுவும் கிடைக்காவிட்டால், ஒரே சொல்லாகக் குறைத்துத் தேடிப் பாருங்கள். தேதியிலும் கவனம் வேண்டும். 4/7/1845 என்றால் அமெரிக்க வழக்கில் ஏப்ரல் 7.

பாட்டுச் சுவடிகள் தனி உலகம். ஐந்து கோட்டுக் குறியீட்டை விட்டுவிட்டு, ‘ஏ’ முதல் ‘ஜி’ வரை ஏழு எழுத்துகளாலேயே சுரங்களை எழுதினார்கள். ச ரி க ம என்று எழுதிப் பழகிய நம்மவர் கண்ணுக்கு அந்தப் பக்கம் அந்நியமாகவே தெரியாது. மேலே எழுத்துவரிசை, கீழே சாகித்தியம். எழுத்தின் வடிவத்திலும் அதில் சேர்க்கும் கோட்டிலும் கால அளவு அடங்கியிருக்கும். ஷேக்கர் குழுவைச் சேர்ந்த ஐசக் நியூட்டன் யங்ஸ் 1843இல் இதற்கு ஒரு விதிநூலே அச்சிட்டார். அதை முதலில் பார்த்துவிட்டுச் சுவடிக்குப் போவது நல்லது. இவர் பெயரில் கடைசி ‘எஸ்’ விட்டுப்போய்ப் பட்டியல்களில் ‘யங்’ என்று கிடப்பதும் உண்டு. சுர எழுத்துகளைக் கணினி தேடாது. பாட்டின் முதல் அடியைக் கொண்டுதான் தேட வேண்டும்.

கையெழுத்துப் பிரதிகள் ஏன் ஓரிடத்தில் இல்லை? ஊர்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது ஏடுகள் பல கைகளுக்குப் போயின. மிகப் பெரிய பங்கு கிளீவ்லாண்டில் உள்ள வெஸ்டர்ன் ரிசர்வ் வரலாற்றுக் கழகத்திடம் சேர்ந்தது. டெலவேரின் விண்டர்தர் அருங்காட்சியகம், அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், நியூயார்க் பொது நூலகம் ஆகியவற்றிலும் உண்டு. ஒரே ஆள் எழுதிய நாட்குறிப்பின் ஒரு பகுதி ஓரிடத்திலும் மறு பகுதி வேறிடத்திலும் கிடப்பது சாதாரணம். ஆய்வு நூல்களின் அடிக்குறிப்பில் ‘ஓ-சி-எல்-டபிள்யூ-எச்-ஐ’ என்று எழுத்துக் கூட்டம் வந்தால் அது கிளீவ்லாண்டு. ‘டி-எல்-சி’ என்றால் நாடாளுமன்ற நூலகம். கிளீவ்லாண்டுக் குறியீட்டில் ரோமன் எண் நான்கு (IV) என்றால் கடிதங்கள், ஐந்து (V) என்றால் நாட்குறிப்புகள், ஒன்பது (IX) என்றால் பாட்டுச் சுவடிகள். இந்தக் கழகத்தின் சுவடிகள் மைக்ரோஃபிலிமாகவும் உண்டு. அந்தச் சுருள் எண்ணைச் சொல்லிக் கேட்டால் நூலகருக்கு வேலை எளிது. அச்சு நூலுக்கு, மேரி ரிச்மண்ட் 1977இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட நூற்பட்டியலின் எண்தான் அடையாளம். ஒரே தலைப்பில் பல பதிப்புகள் இருக்கும்போது அந்த எண் இல்லாமல் எந்தப் பதிப்பைப் படித்தீர்கள் என்று நிரூபிக்க முடியாது.

இன்னொரு நல்ல விஷயம், ஹாமில்டன் 2007 முதல் வெளியிட்டுவரும் ‘அமெரிக்கன் கம்யூனல் சொசைட்டீஸ் குவார்ட்டர்லி’. கட்டுரைகளை இலவச பிடிஎஃப் ஆக இறக்கிக்கொள்ளலாம். கையெழுத்தைப் படிக்கப் பழகாதவர்களுக்கு இதில் வரும் பெயர்த்தெழுதிய ஆவணங்கள் பெரிய உதவி. பல நூலகங்கள் சேர்ந்து நடத்தும் மின்னூலகமான ஹாத்திடிரஸ்டிலும் பழைய நூல்கள் உண்டு. ஆனால் உறுப்பு நிறுவனங்களில் இல்லாதவர்கள் முழு நூலையும் ஒரே கோப்பாக இறக்குவதற்கு அங்கே பெரும்பாலும் வழியில்லை, பக்கம் பக்கமாகத்தான் எடுக்க முடியும். அதனால் இலவச இணைய நூலகமான இன்டர்நெட் ஆர்கைவில் அதே நூல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். செல்போனில் முயல வேண்டாம். கையெழுத்துப் பக்கத்தைப் பெரிதாக்கி வரி வரியாக நகர்த்த, கணினித் திரை வேண்டும். இறக்கிய உடனே கோப்புக்கு ஊர், ஆண்டு, நூலகம் மூன்றையும் பெயராக வையுங்கள். எண்களாக வரும் பெயரை அப்படியே விட்டால் ஒரு மாதத்தில் எது எங்கிருந்து வந்தது என்றே தெரியாது.

ஷேக்கர் அல்லாத குழுக்களைத் தேடினால் மொழியே தடை. ஜார்ஜ் ராப்பின் ஹார்மனி சபை (1905இல் கலைந்தது), கான்ராட் பைசல் 1732இல் தொடங்கிய எஃப்ராட்டா, இரண்டின் ஏடுகளும் பெரும்பாலும் பழைய ஜெர்மன் எழுத்தில் இருக்கும். ஒனைடா (1848-1881) ஆங்கிலத்தில்தான். அதன் பெரிய தொகுப்பு சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில்.

குழு தன்னைச் சொல்லிக்கொண்ட சொல்லைக் கொண்டு தேடு என்பது நம்மூர்ச் சான்றுகளுக்கும் பொருந்தும். மேலூர்ப் பக்கம் மாங்குளம் தமிழி (தமிழ்-பிராமி) கல்வெட்டில் துறவியர் இருப்பிடம் ‘பளிஇய்’. சமணர் மலைக் கல்வெட்டுகளில் ‘குரண்டித் திருக்காட்டாம்பள்ளி’. இணையத்தில் ‘பள்ளி’ என்று மட்டும் போட்டால் பள்ளிக்கூடமும் பள்ளிவாசலும் திருச்சிராப்பள்ளியும் வரும். ‘திருக்காட்டாம்பள்ளி’ என்று முழுச் சொல்லையும் இட்டால்தான் அந்தத் துறவியர் கூட்டம் கைக்கு வரும். இதைச் செய்து பழகியவருக்கு ‘ஹோலி மவுண்ட்’ கடினமாகத் தோன்றாது.

நூலகத்துக்கு மெயில் அனுப்புவதாக இருந்தால் நேரத்தைப் பாருங்கள். கோடையில் கிளின்டன் நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் பத்தரை மணி நேரம். மதுரையில் இரவு 7 மணிக்கு அனுப்பினால் அங்கே காலை அலுவல் தொடங்கும் வேளை. ‘ஷேக்கர் பற்றி எல்லாம் வேண்டும்’ என்று எழுதாதீர்கள். ஊர், மாநிலம், ஆண்டு, ரிச்மண்ட் எண் அல்லது சுவடி எண், எந்தப் பக்கம், எதற்காக என்று ஆறும் ஒரே மெயிலில் இருக்கட்டும்.